டிராவல் டிரெய்லர்: உள்ளே எவ்வளவு ஏத்தலாம், எதையெல்லாம் இறக்கி வைக்கணும்?

டிரெய்லர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமா டிரெய்லர்தான். அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. பிக்கப் டிரக்குக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகும் குட்டி வீடு. கட்டில், கிச்சன், ஃப்ரிட்ஜ், ஷவர், டாய்லெட் எல்லாமே உள்ளேயே இருக்கும். யூடியூபில் நள்ளிரவு வரை இந்த வீடியோக்களைப் பார்ப்பவர் நீங்கள் என்றால் இதெல்லாம் தெரிந்திருக்கும். டெக்சாஸில் இருக்கும் உங்க சித்தப்பா பையன் போன லாங் வீக் எண்டுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மலைப் பின்னணியில் டீ கிளாஸோடு ஸ்டேட்டஸ் போட்டிருக்கவும் கூடும்.

அந்த வீடியோக்களில் அதிகம் பேசப்படாத விஷயம், எடை. உள்ளே கப்போர்டு இருக்கு, கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கு, வெளியே டிக்கி மாதிரி ஸ்டோரேஜ் இருக்கு. இடம் இருக்கிறதேனு எல்லாவற்றையும் நிரப்பினால், டிரெய்லர் தாங்க வேண்டிய எடையைத் தாண்டிடும். டயர் வெடிக்கலாம், ஆக்ஸில் வளையலாம், இறக்கத்தில் பிரேக் சூடாகி பிடிக்காமல் போகலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, 'ஸ்வே'. பின்னால் வரும் டிரெய்லர் பாம்பு மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பித்து, முன்னால் இருக்கும் டிரக்கையே இழுத்துப் புரட்டிவிடும். சில விநாடிகளில் முடிந்துவிடும் சமாச்சாரம் இது.

ஸ்டிக்கரைப் படிங்க, பிரவுஷரை இல்லை

டிரெய்லர் வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ 'ட்ரை வெயிட்' என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். ஃபேக்டரியிலிருந்து காலியாக வெளியே வந்தபோது இருந்த எடை அது. தண்ணீர், துணிமணி, சாப்பாடு எதுவும் அதில் கிடையாது. டீலர் பிறகு மாட்டித் தரும் பேட்டரி போன்றவையும் பெரும்பாலும் சேராது. அந்த எடையில் ஒரு டிரெய்லர் ரோட்டில் ஓடுவது, ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் அந்த ஒரு நாள்தான்.

நமக்கு வேண்டிய எண் ஜி.வி.டபிள்யூ.ஆர். எல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு. இதிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது, நாம் ஏற்றக்கூடிய அளவு. டிரெய்லரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் இந்த அளவு கிலோ, பவுண்டு இரண்டிலும் இருக்கும்.

நடுத்தர சைஸ் டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரம்பு 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,720 கிலோ. காலி எடை 4,700 பவுண்டு, சுமார் 2,130 கிலோ. மிச்சம் 590 கிலோ. 'அடேங்கப்பா, அரை டன்னுக்கு மேல இருக்கே'னு தோணும். கணக்குப் போட்டால் கரைவது தெரியும். 40 கேலன் தண்ணீர் டேங்க் நிரம்பினால் 150 கிலோ. இரண்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் மட்டும் 18 கிலோ. லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு மாட்டினால் ஏறக்குறைய 55 கிலோ. தண்ணீர் ஹோஸ், கழிவுநீர் ஹோஸ், கனமான பவர் கேபிள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, லெவல் பண்ணும் பலகைகள், டூல் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 40 கிலோவைத் தொடும். ஒரு சட்டைகூட வைக்கவில்லை, 260 கிலோ போயாச்சு.

டிரக்குக்கும் ஒரு வரம்பு இருக்கு

'என் டிரக் நாலு டன் இழுக்கும் ப்ரோ' என்பது இந்த ஏரியாவில் ரொம்ப ஃபேமஸான வசனம். விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன் ஒரு கணக்கு, டிரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை வேறு கணக்கு. இரண்டாவதுதான் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோகும்.

டிரைவர் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 680 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் மூக்கு டிரக்கின் ஹிட்ச் மீது உட்கார்ந்திருக்கிறது இல்லையா? அந்த அழுத்தத்துக்கு 'டங் வெயிட்' என்று பெயர். 2,650 கிலோ டிரெய்லருக்கு அது 13 சதவிகிதம் என்றால், சுமார் 345 கிலோ. எடையைப் பகிர்ந்துகொடுக்கும் ஸ்பெஷல் ஹிட்ச் மாட்டியிருந்தால் அதுவே ஒரு 40 கிலோ. மிச்சம் 295. வண்டியில் ஏறுவது 70 கிலோ உள்ள 4 பேர். இன்னும் 15 கிலோதான் பாக்கி. ஐஸ் பாக்ஸ் வைப்பீங்களா, நாய்க்குட்டியைக் கூட்டிட்டுப் போவீங்களா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அந்த ஸ்பெஷல் ஹிட்ச் மாட்டினால் எடை குறைந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. அது பின் ஆக்ஸிலில் விழும் பாரத்தின் ஒரு பகுதியை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளிவிடும், அவ்வளவுதான். டிரக்கின் வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

முதல் எதிரி தண்ணீர்

எடையைக் குறைக்கணும்னு நினைத்ததும் பலர் செய்வது, ஸ்டீல் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் தட்டு வாங்குவது. செய்யலாம், தப்பில்லை. ஆனால், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மொத்த பாத்திரத்தையும் மாற்றி மிச்சம் பண்ணுவதை, 5 நிமிஷத்தில் டேங்க்கைக் காலி செய்து பத்து மடங்காக மிச்சம் பண்ணலாம்.

போகும் இடத்தில் தண்ணீர் கனெக்‌ஷன் இருந்தால், வழிக்குக் கை கழுவவும் டாய்லெட்டுக்கும் 20, 30 லிட்டர் போதும். மீதியைப் போய்ச் சேர்ந்து பிடிக்கலாம். ஆனால், இடம் பார்த்து முடிவு பண்ணணும். யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்குக்குள் தண்ணீர், கரன்ட், கழிவுநீர் என மூன்று கனெக்‌ஷனும் தரும் கேம்ப் கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி பார்க் ஒன்றுதான். (கரடி நடமாட்டம் காரணமாக அங்கே துணிக் கூடாரத்துக்கு அனுமதி இல்லை என்பது கூடுதல் தகவல்.) கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் கனெக்‌ஷன் உண்டு, பக்கத்திலேயே இருக்கும் மேத்தர் கேம்ப் கிரவுண்டில் கிடையாது. கனெக்‌ஷன் இல்லாத இடத்துக்குப் போனாலும் வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு 800 கிலோமீட்டர் இழுக்க வேண்டியதில்லை. கேம்ப் கிரவுண்டிலேயே, அல்லது அதற்கு முந்தைய ஊரில் குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைங்க. டேங்க் டிரெய்லரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்கணும். ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால், முழு டேங்க் மூக்கின் எடையைக் குறைத்துவிடும்.

திரும்பி வரும்போது கதை வேற. நல்ல தண்ணீர் டேங்க் காலியாகி, அதே தண்ணீர் பாத்திரம் கழுவிய நீராகவும் டாய்லெட் நீராகவும் வேறு இரண்டு டேங்குகளில் உட்கார்ந்திருக்கும். 'டம்ப் ஸ்டேஷன்' எனப்படும் இடத்தில் இதைக் கொட்டலாம். அங்கே க்யூ நீளமாக இருக்கும், நாற்றம் வேற. 'வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்துக்கலாம்'னு கிளம்பிடுவாங்க. 150 கிலோ கழிவுநீரை ஹைவேயில் சுமந்துபோவதில் என்ன பெருமை? நின்னு கொட்டிட்டு கிளம்புங்க.

6 கேலன் ஹீட்டரில் இருக்கும் 23 கிலோவையும் வடித்துவிடலாம். மறுபடி தண்ணீர் நிரப்பாமல் கரன்ட் ஸ்விட்சைப் போட்டுவிடாதீங்க, ஹீட்டிங் காயில் கருகிடும்.

23 கிலோ பெட்டி கட்டத் தெரிந்த ஆட்களுக்கு

சென்னை ஏர்போர்ட்டில் 23 கிலோ பெட்டிக்குள் ஊறுகாய், வத்தல், பருப்புப்பொடி, பட்டுப்புடவை என்று கிராம் கணக்கில் கட்டிப் பழகியவர்கள் நம்ம ஆட்கள். அந்தத் திறமை ஏனோ டிரெய்லரைக் கண்டதும் காணாமல் போய்விடுகிறது. செக்-இன் கவுன்டரில் யாரும் நிறுத்தப் போவதில்லை என்ற தைரியம்தான் காரணம்.

பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் அதே கைத்தராசு இங்கேயும் போதும். உள்ளே போகும் ஒவ்வொரு பையையும் பெட்டியையும் தூக்கிப் பார்த்து, போனில் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாங்க. முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். எது கனம், எது வெறும் இடத்தை அடைப்பது என்று அப்போதுதான் புரியும். தலையணை, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் பெரிசா தெரியும், எடை கிடையாது. 24 தண்ணீர் பாட்டில் கட்டு சின்னதா தெரியும், அரை லிட்டர் பாட்டில் என்றாலே 12 கிலோ. மடக்கு நாற்காலி ஒன்று 4 கிலோ என்றால் 4 பேருக்கு 16.

டேபிள் டாப் கிரைண்டரை எடுத்துப்போகும் குடும்பங்களும் உண்டு. இட்லி ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால், கல்லோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல் வரும் சாமான் அது. மாவை வீட்டிலேயே ஆட்டி, ஐஸ் பாக்ஸில் வைத்து முதல் இரண்டு நாளில் தோசையாக்கி முடித்துவிடலாம். இரும்பு தோசைக்கல்லா, நான்-ஸ்டிக்கா என்பதில் என் ஓட்டு இரும்புக்குத்தான். அந்த இரண்டு, மூன்று கிலோவை வேறு எங்காவது மிச்சம் பண்ணிக்கலாம். அரிசியை மூட்டையாகக் கொண்டுபோகாமல், 'ஒரு நாளைக்கு இத்தனை கப்' என்று அளந்து கட்டுங்கள். வழியில் சூப்பர் மார்க்கெட் இல்லாத ஊருக்கா போறோம்?

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம். இது எடைக்காக மட்டும் சொல்வதில்லை. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை நிற வண்டு அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்திருக்கிறது. விறகுக் கட்டுக்குள் ஒளிந்து அது ஊர் விட்டு ஊர் போகும் என்பதால், விறகை எரிக்கும் இடத்திலேயே வாங்கச் சொல்கிறார்கள். பல இடங்களில் வெளியிலிருந்து விறகு கொண்டுவரத் தடையே உண்டு.

ஜெனரேட்டர் தேவையா என்பதையும் யோசியுங்கள். கேம்பிங் போகிறவர்களிடம் அதிகம் பார்க்கக்கூடிய ஹோண்டா இயூ2200ஐ, பெட்ரோல் ஊற்றாமலே 21 கிலோ. கரன்ட் கனெக்‌ஷன் உள்ள இடத்துக்குத்தான் போகிறோம் என்றால் அது வெறும் சுமை.

செலவு பண்ணி எடை குறைக்கணும்னா, பேட்டரியில் ஆரம்பிக்கலாம். 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரி 28, 30 கிலோ இருக்கும். அதில் பாதி சார்ஜைத்தான் ஆயுள் கெடாமல் பயன்படுத்த முடியும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 11 முதல் 14 கிலோ. கிட்டத்தட்ட முழு சார்ஜையும் எடுக்கலாம். ஆக, பழைய பேட்டரி இரண்டின் வேலையை இது ஒன்றே செய்யும், 45 கிலோ மிச்சம். விலை அதிகம், சார்ஜர் அதற்கு ஒத்துப்போகணும், 0 டிகிரிக்குக் கீழே குளிரும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. இன்னொரு சிக்கலும் இருக்கு. பேட்டரி பெரும்பாலும் டிரெய்லரின் மூக்கில்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே 45 கிலோ குறைந்தால் டங் வெயிட்டும் குறையும். அப்புறம் அதைச் சரிபார்க்கணும்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டுவண்டி ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால் இந்தப் பகுதியை அவர் உங்களுக்கு விளக்கிவிடுவார். வைக்கோலைப் பின்னால் அதிகம் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்திலிருந்து மேலே தூக்கும். முன்னால் அதிகம் ஏற்றினால் கழுத்தை அழுத்தும். 'கொஞ்சம் முன்பாரம் இருக்கணும், ரொம்ப இருக்கக் கூடாது' என்பதுதான் வண்டிக்காரர் கணக்கு.

டிராவல் டிரெய்லருக்கும் அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் மூக்கில் விழ வேண்டும். 10-க்குக் கீழே போனால் ஸ்வே வருவதற்கான வாய்ப்பு ஏறும். 15-ஐத் தாண்டினால் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தின் பிடி குறையும். அதனால், டிரெய்லரின் மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலே போதும் என்று நினைக்க முடியாது. 200 கிலோ குறைவாக ஏற்றி, அத்தனையையும் பின்னால் வைத்தவர், முழுசாக ஏற்றிச் சரியாக அடுக்கியவரைவிட ஆபத்தில் இருக்கிறார்.

பின்பக்க பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டுவது ரொம்ப சகஜம். ஆக்ஸிலிலிருந்து 4 மீட்டர் பின்னால் 40 கிலோ சைக்கிள்கள் தொங்குகின்றன, ஹிட்ச் ஆக்ஸிலிலிருந்து 5 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கில் இருக்கும் சீ-சா கணக்குதான். 40-ஐ 4-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 32. மூக்கிலிருந்து 32 கிலோ காணாமல் போய்விடும். பல டிரெய்லர்களின் பின் பம்பர் அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதும் இல்லை.

கனமானவை கீழே, ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ இருக்கட்டும். மேல் கப்போர்டில் சிப்ஸ், டவல், பேப்பர் பிளேட் மாதிரி சாமான்கள். முன் கோடியிலும் பின் கோடியிலும் சமமாகக் கனத்தை வைத்து 'பேலன்ஸ்' பண்ணுவதும் தப்பு. இரண்டு முனையிலும் பாரம் உள்ள கம்பி ஒருமுறை சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். டிரெய்லரும் அப்படித்தான்.

ஓடும்போது ஆட்டம் ஆரம்பித்துவிட்டால்? ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீங்க. டிரக் பிரேக்கையும் பலமாக மிதிக்காதீங்க. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தணும். டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிடித்து, அது பின்னால் இழுத்து நேராகும். கிளம்பும் முன்பே அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்கணும். வேகமும் முக்கியம். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவிகிதம் கூடிவிடுகிறது. கொலராடோவில் ஐ-70 ஹைவே சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்குகிறது. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அந்த இறக்கத்தில் தனிச் சரிவுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு வாங்குவதுகூடப் பிரச்னை இல்லை, இறங்கும்போதுதான் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் பேசும்.

எடை மேடையில் ஏத்திப் பார்த்துடுங்க

நம்ம ஊர் ஹைவேயில் லாரிகளுக்கு 'வே பிரிட்ஜ்' இருக்குமே, அமெரிக்காவில் அது பெரும்பாலான டிரக் ஸ்டாப்களில் 'கேட் ஸ்கேல்' என்ற பெயரில் இருக்கும். லாரிக்காரர்களுக்கு மட்டும்தான் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். போன் ஆப் வழியாகவே எடை பார்த்து ரசீது வாங்கலாம்.

ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாவற்றோடும் போங்க. டிரக்கின் முன் சக்கரம் முதல் தட்டில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கணும். எடையைப் பகிரும் ஹிட்ச் இருந்தால், இந்தச் சுற்றுக்கு அதன் கம்பிகளைக் கழற்றி விடுங்க. பிறகு டிரெய்லரைப் பார்க்கிங்கில் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்களோடு டிரக்கை மட்டும் ஒருமுறை ஏற்றணும். இரண்டாவது தடவைக்குக் கட்டணம் குறைவு.

டிரக் தனியாக 2,700 கிலோ என்று வருகிறது. டிரெய்லரோடு நின்றபோது டிரக்கின் இரண்டு தட்டுகளும் சேர்ந்து 3,050 காட்டின. வித்தியாசம் 350, அதுதான் டங் வெயிட். மூன்றாவது தட்டு 2,300 காட்டியது. 350-ஐயும் 2,300-ஐயும் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை 2,650. அதில் 350 என்பது 13 சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. நாம் மேலே பார்த்த டிரெய்லரின் வரம்பு 2,720. பாஸ்! ஆனால், பாக்கி இருப்பது 70 கிலோதான், வழியில் ஷாப்பிங் பண்ணும்போது ஞாபகம் இருக்கட்டும்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வண்டிக்கு 'கேரவன்' என்று பெயர். வரம்புகளின் பெயரும் மாறும். பிரிட்டனில் எம்.டி.பி.எல்.எம், ஆஸ்திரேலியாவில் ஏ.டி.எம். பிரிட்டிஷ் கேரவன்களில் மூக்கு எடை 5 முதல் 7 சதவிகிதம் இருந்தால் போதும் என்பது அங்குள்ள வழக்கம், வண்டியின் கட்டுமானம் வேறு. புதிதாக ஓட்டுபவர்கள், ஏற்றிய கேரவன் எடை காரின் எடையில் 85 சதவிகிதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அமெரிக்க யூடியூப் சேனலைப் பார்த்துவிட்டு லண்டனில் இருக்கும் அக்காவுக்கு அட்வைஸ் பண்ணாதீங்க.

வாடகைக்கு எடுப்பவர்கள் சாவி வாங்கும்போது மூன்று விஷயங்களை போட்டோ எடுத்துக்குங்க. டிரெய்லரின் மஞ்சள் ஸ்டிக்கர், உங்கள் டிரக் கதவில் இருக்கும் ஸ்டிக்கர், டயரின் பக்கவாட்டில் இருக்கும் தயாரிப்புத் தேதி. தேதி 4 இலக்கமாக இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். அவ்வளவு பழைய டயர் என்றால், எடை குறைவாகவே இருந்தாலும் வேறு வண்டி கேளுங்க. ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் ஓனர் விட்டுவைத்திருக்கும் கிரில் அடுப்பு, கார்ப்பெட், எக்ஸ்ட்ரா நாற்காலி எல்லாம் உங்கள் கணக்கில்தான் சேரும். வேண்டாததை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பலாமா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.